வளைவில் கை தட்டாதே

பிப்ரவரி 6
வழிகாட்டிகள் குடில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கூரை ஒழுகுவதைத் தவிர இங்கே எல்லாம் நலம். உங்கள் இடது காது எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் என்ன சொல்கிறது? போனில் கேட்கலாம்தான். நான் கத்துவேன், நீங்கள் "என்னது, என்னது" என்பீர்கள், அதற்குள் சிக்னல் போய்விடும். கடிதமே மேல். தபால் ஜீப் வாராவாரம் வருகிறது.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் சரணாலயத்தில் புதுக்கூத்து. எங்கள் அதிகாரி 'மௌன நடை' என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. கொட்டுகிற மழையிலும் சட்டை மடிப்புக் கலையாது. ஆள் கெட்டவர் இல்லை. கூட்டம் குறைந்துவிட்டது, எப்படியாவது ஆட்களை வரவழைக்க வேண்டும் என்று தவிக்கிறார். மௌன நடைக்குத் தனிச் சீட்டு. பேசக் கூடாது, இருமக் கூடாது, வழிகாட்டி வளைவுகளில் கை தட்டக் கூடாது. அப்போதுதான் விலங்குகள் ஓடாமல் பக்கத்தில் நிற்குமாம்.

நாங்கள் ஏன் தட்டுகிறோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளி விடுமுறையில் உங்கள் பஸ்ஸில், எஞ்சின் மூடி மேல் உட்கார்ந்து மலைப்பாதையில் வந்தவள் நான். எதிரே யார் வருகிறார் என்று தெரியாத வளைவில் ஹாரன் அடிக்காதவன் டிரைவரே இல்லை என்று திட்டிக்கொண்டே ஓட்டுவீர்கள். இங்கே எதிரே வருவது கரடி. ஓடைப் பாதையில் ஒருத்தி இருக்கிறாள், இந்தப் பருவத்தில் இரண்டு குட்டிகள். பெயர் பெரியம்மா. அந்த நடையும் இடுப்பும் அப்படியே உங்கள் அண்ணி. சொல்லித் தொலைத்துவிடாதீர்கள்.

போன வாரம் மௌன நடையிலும் நான் தட்டினேன். புகார் போய்விட்டது. "இன்னொரு தடவை தட்டினா நிரந்தரத்தை மறந்துடும்மா" என்றார் இஸ்திரி. மறந்தால் மறக்கட்டும். நான் தட்டத்தான் போகிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம். உங்களுக்குக் கிடையாது, மீசை குத்தும்.

மகள்


பிப்ரவரி 19

அருமை மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். காது அப்படியே இருக்கிறது. அம்மா திட்டுவது பாதிதான் கேட்கிறது என்பதால் சிகிச்சைக்கு அவசரமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தட்டாதே.

மூன்றாவது பருவமாகத் தற்காலிகமாகவே தொங்கிக்கொண்டிருக்கிறாய். உன்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் நிரந்தரமாகிவிட்டார்கள். உன் வாய் மட்டும் குறுக்கே நிற்கிறது, இப்போது கையும் சேர்ந்துகொண்டது. முதலில் வேலை உறுதியாகட்டும். பிறகு கை தட்டு, தகரம் தட்டு, யார் கேட்கப் போகிறார்கள்? மருத்துவமனைத் தெருவில் ஹாரன் அடிக்காதே என்று எனக்கும்தான் சொன்னார்கள். அடிக்கவில்லை. குடியா முழுகிப்போயிற்று?

நீ பிறந்ததிலிருந்து என் பேச்சை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நடக்க ஆரம்பித்ததே நான் உட்கார் என்று சொன்னபோதுதான். இந்த ஒரு தடவை கேள். அப்பா உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்.

அம்மா உனக்குக் கம்பளி உள்சட்டை அனுப்பியிருக்கிறாள். போடாவிட்டாலும் போட்டேன் என்று எழுது.

அப்பா


ஏப்ரல் 2

மகளுக்கு,

நலம். உன் நலம் தெரியவில்லை. மூன்று கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் யாரோ எடுத்து ஏதோ சொல்கிறார்கள், என் காதில் விழவில்லை. அம்மாவை விட்டுப் பேசச் சொன்னால் "நல்லா இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்களாம்.

என்னோடு வண்டி ஓட்டியவன் ஒருவன் நேற்று வந்தான். உங்கள் சரணாலயத்தில் ஒரு பாதையை மூடிவிட்டார்கள் என்று அவன் மருமகன் சொன்னானாம். ஏன் மூடினார்கள்?

நான் எழுதியதில் கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது. சும்மா இருக்காதே. நீ சும்மா இருந்தால் இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

அப்பா


ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலம், நலம். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலது மணிக்கட்டில் லேசான சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல நெட்டை எழுதுகிறான். என்னோடு வழிகாட்டியாக இருப்பவன், குடில் வாசலில் தினமும் தலையை இடித்துக்கொள்பவன் என்று சொல்லியிருக்கிறேனே, அவன்தான்.

பாதையை மூடியது உண்மை. போன மாதம் மௌன நடைக்கு ஒரு கேமராக்காரர் வந்தார். ஓடைப் பாதையின் கடைசி வளைவில் பெரியம்மா குட்டிகளோடு நின்றிருந்தாள். சத்தமே இல்லாமல் மூக்குக்கு முன்னால் ஆள் முளைத்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? அடித்தாள். ஒரே அடி. குட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். முன்னால் நடந்த வழிகாட்டிக்குக் காயம். கேமராக்காரர் ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். எல்லோரும் பேசுவது அந்த முட்டியைப் பற்றித்தான்.

இப்போது பெரியம்மாவை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, சாகும்வரை கூண்டில் வைக்கப் போகிறார்களாம். குட்டிகளை வேறெங்கோ அனுப்புவார்களாம். ஜூனில் விசாரணை. அங்கே போய் இது தவறு என்று சொல்லப் போகிறேன். வேலை போனாலும் சொல்வேன். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், தடுத்து எழுதிக் காகிதத்தை வீணாக்காதீர்கள்.

அம்மா, உள்சட்டை போட்டேன்.

மகள்

பெரியவரே, எழுதுபவன் நான் ஒரு வரி சேர்க்கிறேன். அவள் பார்க்கவில்லை. சுளுக்கு இல்லை.


ஏப்ரல் 23

மகளுக்கு,

நலமா கிலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

சுளுக்கு இல்லையென்றால் என்ன? அந்த வழிகாட்டி யார்? அந்த நெட்டைப் பையனுக்கு இருக்கிற மனசாட்சி பெற்ற பெண்ணுக்கு இல்லையா? அம்மா பையை எடுத்துத் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் வெளியே எடுத்து வைப்பதும் அவள் மறுபடி அடுக்குவதுமாக இருக்கிறோம்.

உன் கையால் ஒரு வரி எழுது. எந்தக் கையானாலும் சரி.

அப்பா


மே 5

அப்பா,

இது இடது கை. ஒன்றாம் வகுப்புக் கையெழுத்து போல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வழிகாட்டி நான்தான். வலது தோள். நகம் ஆழமாக இறங்கிவிட்டது, தசை கிழிந்து தைத்திருக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து வந்தாயிற்று. அப்பா, நீங்கள் முதலில் இதைப் படியுங்கள், அம்மாவிடம் பாதியாக்கிச் சொல்லுங்கள். அம்மா வர வேண்டாம். வந்தால் அழுவாள், அவள் அழுதால் நானும் அழுவேன். விசாரணை முடியும்வரை எனக்கு அழ நேரமில்லை.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நான் முன்னால் போனேன். கடைசி வளைவுக்கு முன்னால் ஈரமண்ணில் தடம் இருந்தது, அப்போதுதான் பதிந்த தடம். கையைத் தூக்கினேன். கேமராக்காரர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மூச்சு விடாதீங்க" என்றார். கையைத் தட்டாமல் கீழே போட்டுவிட்டேன். அவ்வளவுதான். கொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருந்தால் இந்தக் கோணல் எழுத்தைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போ என்று சொன்னாள், அவளுக்குத் தெரிந்த மொழியில்.

இஸ்திரி மருத்துவமனைக்குப் பலமுறை வந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். போன தடவை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வழக்கம்போல கை தட்டிக்கிட்டேதான் போனோம், அது வேணும்னே பாஞ்சுதுன்னு சொல்லிடும்மா. மௌன நடை மேல பழி வந்தா சரணாலயத்தையே இழுத்து மூடிடுவாங்க. உன் வேலை நிரந்தரம், அதுக்கு நான் பொறுப்பு."

கிழிந்தது என் தோள். அதை வைத்துப் பொய் சொல்ல வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மகள்


மே 17

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் பாதியாக்கிச் சொன்னேன். மீதிப் பாதியை அவளே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தையல் ஆறிவிட்டதா? காய்ச்சல் இருக்கிறதா? இரவில் தூங்குகிறாயா?

நிதானமாக யோசித்து எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி. ஒரு கரடிக்குக் காடு என்ன, கூண்டு என்ன? வேளாவேளைக்குச் சாப்பாடு, மழை வெயில் கிடையாது, வேட்டைக்காரன் பயம் கிடையாது. உன்னை இந்தப் பாடு படுத்திய ஒன்றுக்காக நீ உன் பிழைப்பைத் தொலைக்க வேண்டுமா? இந்தக் கையோடு நாளைக்கு யார் உனக்கு வேலை தருவார்கள்? அவர்கள் கேட்பது ஒரே ஒரு வாக்கியம்.

இன்னொன்று. அது எனக்கு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீ யார் பேச்சையும் கேட்கிறவள் இல்லை. அதிகாரி மிரட்டியும் தட்டத்தான் போகிறேன் என்று எழுதியவள். தடத்தையும் பார்த்திருக்கிறாய். பிறகு ஏன் கையைக் கீழே போட்டாய்? எவனோ ஒரு கேமராக்காரன் சட்டையைப் பிடித்து இழுத்ததற்காகவா?

அப்பா


மே 26

அப்பா,

நலம். தையல் ஆறுகிறது. தூக்கம் சுமார்.

"வேளாவேளைக்குச் சாப்பாடு, மழை வெயில் கிடையாது, வேட்டைக்காரன் பயம் கிடையாது." இது உங்கள் வாக்கியம் இல்லை. இஸ்திரி என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதையே அச்சடித்தாற்போல் சொன்னார். உங்களைப் பிடித்துவிட்டாரா? எழுதினாரா, நேரில் வந்தாரா? எனக்குத் தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

நீங்கள் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, "கூண்டுல அடைச்ச மாதிரி இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னீர்கள். உங்களுக்கும் அம்மா வேளாவேளைக்குத்தான் சாப்பாடு போடுகிறாள். மழை வெயில் இல்லை. வேட்டைக்காரனும் இல்லை. சந்தோஷமாகவா இருக்கிறீர்கள்?

நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன். என் அப்பாவே வந்து சொல் என்றாலும் மாட்டேன்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத இடது கைக்குப் பொறுமை இல்லை.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்திருக்கும். வாங்கிக் கொடுங்கள்.

மகள்


ஜூன் 4

மகளே,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிறா?" என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்கதானே தட்டாதேன்னு எழுதுனீங்க? இந்த ஒரு தடவை கேளுன்னு கெஞ்சி எழுதுனீங்களே. எனக்குப் படிச்சுக்கூடக் காட்டுனீங்க."

அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை.

உன் அதிகாரி எனக்கு எழுதியது உண்மை. பெற்றவர் சொன்னால் கேட்பாள் என்றார். விசாரணைக்கு வரச் சொல்லிப் போகவரப் பயணச்சீட்டும் அனுப்பியிருக்கிறார். அவர்கள் பக்கம் பேசுவதற்காகத்தான் அழைத்திருக்கிறார்கள்.

வருகிறேன். நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். வழி கேட்டு வந்துவிடுவேன், வழி கேட்க வாய் போதும், பதில் கேட்க வலது காது போதும்.

அப்பா


ஜூன் 14
வழிகாட்டிகள் குடில்

அன்புள்ள இவளுக்கு,

முப்பது வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே எழுதிவிட்டேன். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். மாத்திரை போடுகிறேன். நீ கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படு.

விசாரணை நேற்று முடிந்தது. அலுவலகத்தின் பின்னறை. நீள மேசை, சுவரில் காட்டின் வரைபடம், தலைக்கு மேல் லொடலொடவென்று ஒரு மின்விசிறி. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று நாற்காலியைத் திருப்பி வலது காதை மேசைப் பக்கம் வைத்து உட்கார்ந்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அதில் ஒரு அம்மா விலங்கு மருத்துவராம், எதையும் அவசரப்படாமல் கேட்டார்.

நம் பெண் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தட்டவில்லை என்றாள். தட்டியிருந்தால் அது ஒதுங்கிப் போயிருக்கும் என்றாள். அந்த மருத்துவர் அம்மா, "உனக்கு அதை நினைச்சா பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"பயம்தான் மேடம். ஓடைச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குது. ஆனா நான் பயப்படுறதையெல்லாம் கூண்டுல போடணும்னா, முதல்ல எங்கப்பாவைத்தான் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. சட்டை உண்மையிலேயே கலையவே இல்லை. என் பக்கம் திரும்பி, "பெரியவரே, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

எழுந்தேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காத வண்டியை நிறுத்தியபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. சொன்னேன்:

"கை தட்டாதேன்னு சீட்டு வித்தது நீங்க. மூச்சு விடாதேன்னு சொன்னது கேமராக்காரர். அப்பா கேட்டுக்கிறேன், தட்டாதேன்னு எழுதுனது நான். பொறந்ததுலேர்ந்து அவ என் பேச்சைக் கேட்டது ஒரே ஒரு தடவைதான், அதுல தோளு கிழிஞ்சு போச்சு. இவ்வளவு பேர் இவ்வளவு சொன்னோம். எதுவுமே சொல்லாம தன் வழியில நின்னது அந்தக் கரடி ஒண்ணுதான். கூண்டுல போடணும்னா நம்ம மூணு பேரையும் போடுங்க. வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டுன்னு எழுதியிருந்தீங்களே, எனக்குச் சம்மதம்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேசையையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்ததை நான் ஊரறியப் போட்டு உடைத்துவிட்டேன் என்று கோபம். வெளியே வந்ததும், "யாரு உங்களை இதைச் சொல்லச் சொன்னது?" என்று சண்டைக்கு வந்தாள். நானும் விடவில்லை. "யாரு உன்னை அதை மறைக்கச் சொன்னது?" என்றேன். அலுவலக வாசலிலேயே இருவரும் கத்திக்கொண்டிருந்தோம், நெட்டை வந்து விலக்கிவிட்டான்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். கரடியைப் பிடிக்கப் போவதில்லை. மௌன நடை ரத்து. பாதையை உடனே திறக்கிறார்கள். நம் பெண்ணுக்கு அடுத்த பருவம் வேலை இல்லை. மேலிடத்துக்குக் கட்டுப்படாதவளாம். கேட்டுவிட்டு, "அது உண்மைதானே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அதிகாரி தனியாக வந்து, "என்னால முடிஞ்சது இவ்வளவுதான்" என்றார். அவரையும் யாரோ மிரட்டியிருப்பார்கள். ஆனாலும் நான் கை கொடுக்கவில்லை.

இன்று காலையில் அவள் நேராகச் சீட்டுக் கொடுக்கும் இடத்துக்குப் போய் பார்வையாளர் சீட்டு இரண்டு கேட்டாள். உள்ளே இருந்தவர் தயங்கினார். "காசு குடுத்து வர்றவங்களை யாரும் அதட்ட முடியாதுல்ல? குடுங்க சார்" என்றாள். வாங்கிக்கொண்டு ஓடைப் பாதையில் போனோம். ஒவ்வொரு வளைவிலும் நான் தட்டினேன், அவள் "வர்றோம்" என்று குரல் கொடுத்தாள். கடைசி வளைவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "வாயை மூடிக்கிட்டு வாங்கப்பா" என்றவள், உடனே, "இல்ல, வாயைத் திறந்துக்கிட்டு வாங்க" என்றாள். இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம். கீழே நாணலுக்குள் கனமாக ஏதோ அசைந்து, ஒதுங்கி, போய்விட்டது. நாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. விலங்கு பார்க்க வந்து, அதை விரட்டிவிட்டு, இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

இங்கேயே இருக்கப் போகிறாளாம். சரணாலயத்துக்கு வெளியே வீடு பார்த்து, நடக்க வருகிறவர்களை அவளே சேர்த்துக் கூட்டிப் போவாளாம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இதையும் பாதியாக்கிச் சொல்லத்தான் நினைத்தேன். இந்தக் குடும்பத்தில் ஆளாளுக்கு மறைத்தது போதும். அந்தக் கை இனி தோளுக்கு மேல் எழும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. முடியை வெட்டிவிடு என்று யாரோ சொன்னார்களாம், மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இன்று காலையில் நான்தான் பின்னிவிட்டேன். பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்த கை, என்ன பின்னும்? பாதிப் பாதையிலேயே அவிழ்ந்துவிட்டது. காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு நடந்தாள்.

அழுவதையெல்லாம் அங்கேயே அழுது முடித்துவிடு. சீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பி வா.

உன்
இவர்